‘டைடாக்டிக்’ என்றால் பாராட்டா, குட்டா?

ஆங்கில இலக்கியம் எடுத்துப் படிக்கிறவர்கள், ஆங்கிலத்தில் நூல் மதிப்புரை எழுதத் தொடங்கியிருப்பவர்கள், போட்டித் தேர்வுக்காகத் தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கிலப் புத்தகத்தில் புரட்டுகிறவர்கள், மருத்துவக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று இந்த நாலு தரப்பும் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் சொல் ஒன்று உண்டு: டைடாக்டிக். அகராதியைத் திறந்தால் ‘நீதி போதிக்கிற, கற்பிக்கும் நோக்கமுள்ள’ என்று போட்டிருக்கும். சரி, நல்ல வார்த்தைதானே என்று எடுத்து வீசினால் அங்கேதான் வம்பு. பதினெண்கீழ்க்கணக்கில் உள்ள அறநூல்களை டைடாக்டிக் என்று ஆங்கிலத்தில் எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நேற்று வெளியான நாவலைப் பற்றி அதே சொல்லை எழுதிப் பாருங்கள், நாவலாசிரியர் உங்களை வெளியீட்டு விழாவுக்குக் கூப்பிட மாட்டார்.

இந்தச் சொல் எதிர்ப்பட்டால் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும், நாமே எழுதும்போது எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதைப் பார்ப்போம். வாய்க்குப் பழக்குவதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

காதுக்கும் கைக்கும் பழக்கிக்கொள்ளுங்கள்

எழுத்துக்கூட்டு இது: டி, ஐ, டி, ஏ, சி, டி, ஐ, சி. ‘கே’ என்ற எழுத்து எங்கும் கிடையாது. அமெரிக்கர்கள் ‘டைடாக்டிக்’ என்பார்கள். பிரிட்டனில் ‘டிடாக்டிக்’ என்பதும் நிறையக் காதில் விழும். இரண்டும் சரிதான். எப்படிச் சொன்னாலும் அழுத்தம் நடுவில் இருக்கும் ‘டாக்’ மேல் விழ வேண்டும்.

மூலம் கிரேக்கம். கற்பிப்பது என்று பொருள்படும் வினைச்சொல்லிலிருந்து வந்தது. டிக்டேட்டர், டிக்டேஷன், டிக்‌ஷனரி எல்லாம் இதற்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அவை ‘சொல்’ என்ற பொருள் கொண்ட லத்தீன் வேரிலிருந்து வந்தவை. சர்வாதிகாரியையும் வாத்தியாரையும் சேர்த்துப் பார்க்க ஆசையாக இருந்தாலும் மொழி வரலாறு இடம் தரவில்லை.

குடும்பத்தில் இன்னும் சில பேர் உண்டு. போதிக்கும் போக்கைக் குறிக்க டைடாக்டிசிசம். வினையடையாக டைடாக்டிக்கலி. கற்பித்தல் கலையைக் குறிக்க, கடைசியில் ஓர் ‘எஸ்’ சேர்த்து, டைடாக்டிக்ஸ். ஆசிரியர் இல்லாமல் தானே கற்றுக்கொண்டவரை ஆட்டோடைடாக்ட் என்பார்கள். கணித மேதை ராமானுஜனைப் பற்றி ஆங்கிலத்தில் படித்தால் இந்தச் சொல் எங்காவது எட்டிப் பார்க்கும். இதில் பழிப்பு துளியும் இல்லை, சொல்லப்போனால் வியப்புதான் இருக்கிறது. ஒரே வேர், ஆனால் தானே கற்றுக்கொண்டால் மெச்சுகிறார்கள், அடுத்தவனுக்குக் கற்பிக்கப் போனால் முகம் சுளிக்கிறார்கள்.

நீதி மட்டும்தானா என்று கேளுங்கள்

புதிதாகப் படிக்கிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தடுமாற்றம் இது. டைடாக்டிக் என்றால் ஒழுக்கம், அறம், நல்லது கெட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்வது. அது பாதிப் பொருள்தான். எதையாவது கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எழுதப்பட்ட எதுவும் இந்தக் கூடாரத்துக்குள் வரும்.

ஐரோப்பிய மரபில் டைடாக்டிக் கவிதை என்றவுடன் சொல்லப்படும் பெயர்களைப் பாருங்கள். கிரேக்கத்தில் ஹெஸியட், கி.மு. 700 வாக்கில் வாழ்ந்தவர். தன் சகோதரன் பெர்ஸஸுக்குச் சொல்வதுபோல, எப்போது உழ வேண்டும், எப்போது அறுக்க வேண்டும், நேர்மையாக எப்படி வாழ வேண்டும் என்று பாடி வைத்தார். அதில் நீதியும் உண்டு, விவசாயமும் உண்டு. ரோமில் லுக்ரீஷியஸ், உலகம் அணுக்களால் ஆனது என்பதை லத்தீன் செய்யுளில் விளக்கினார். அதே மொழியில் வெர்ஜில், பயிர், மரமும் திராட்சையும், கால்நடை, தேனீ என்று நான்கு பாகமாக வேளாண்மையைப் பாடினார். அணுக்கொள்கையும் தேனீ வளர்ப்பும் நீதிநூல் ஆகுமா? ஆகாது. ஆனால் டைடாக்டிக் ஆகும்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம் பக்கம் திரும்பினால் விஷயம் சுவாரஸ்யமாகிறது. ஆத்திசூடியும் மூதுரையும் நாலடியாரும் மட்டுமல்லாமல், இலக்கணத்தைச் சூத்திரமாகச் சொல்லும் நன்னூலும், சொற்பொருளைச் செய்யுளில் அடுக்கும் நிகண்டுகளும், மருந்து செய்முறை சொல்லும் சித்தர் பாடல்களும் அந்தப் பரந்த பொருளில் டைடாக்டிக்தான். பாட்டாகக் கட்டினால் மனப்பாடம் ஆகும் என்பது ரோமாபுரிக்கும் தெரிந்திருந்தது, நம் திண்ணைப் பள்ளிக்கும் தெரிந்திருந்தது.

இன்னொரு பக்கம், திருக்குறளை மொத்தமாக டைடாக்டிக் என்று ஒரு சொல்லில் அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அறத்துப்பாலுக்கும் பொருட்பாலுக்கும் அது பொருந்தும். காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில் தலைவி பேசுகிறாள், தலைவன் பேசுகிறான், ஊடுகிறார்கள், ஏங்குகிறார்கள். அங்கே யார் யாருக்குப் பாடம் நடத்துகிறார்கள்? பதினெண்கீழ்க்கணக்குக்கும் இதே கதிதான். பதினெட்டு நூலில் பதினொன்று அறம் சொல்பவை, ஆறு அகத்திணை நூல்கள், களவழி நாற்பது போர்க்களத்தைப் பாடுவது. ஆங்கிலக் கையேட்டில் மொத்தத்தையும் டைடாக்டிக் என்று ஒரே வரியில் பார்த்தால், பெரும்பான்மையை வைத்துச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அக்கம்பக்கச் சொல்லைப் பாருங்கள்

ஒரு வாக்கியத்தில் டைடாக்டிக் வந்தால், அதை விட்டுவிட்டு முதலில் அதற்கு வலப்பக்கம் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். பொயட்ரி, லிட்டரேச்சர், டெக்ஸ்ட், டிரெடிஷன் மாதிரி ஏதாவது இருந்தால் அது வகைப்பெயர். புகழவும் இல்லை, இகழவும் இல்லை. காதல் கவிதை, போர்க் கவிதை என்று சொல்வதுபோல, கற்பிக்கும் கவிதை, அவ்வளவுதான்.

வலப்பக்கம் லெக்சர், மெத்தட், மெட்டீரியல் இருந்தால் நீங்கள் கல்வித்துறைக்குள் வந்துவிட்டீர்கள். இங்கே நீதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆசிரியர் நின்று பேச, மாணவர் உட்கார்ந்து கேட்கும் வகுப்பு, அதுதான் டைடாக்டிக் லெக்சர். இந்தியாவில் 1997-இல் வந்த இளநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகளிலேயே டைடாக்டிக் விரிவுரைகள் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, மீதியைச் செய்முறைக்கும் நோயாளியருகே கற்பதற்கும் குழு விவாதத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் வகுப்பு அட்டவணையில் இந்தச் சொல்லைப் பார்த்து, ஏதோ ஒழுக்கப் பாடம் போலிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மேற்படிப்புப் பயிற்சிக்குப் போகும் டாக்டர்களின் அட்டவணையில் ‘டைடாக்டிக்ஸ்’ என்றே ஒரு கட்டம் இருக்கும். வார்டு வேலையிலிருந்து விலகி உட்கார்ந்து பாடம் கேட்கும் நேரம் அது.

வலப்பக்கம் டோன், மேனர், டயலாக், எண்டிங் போன்றவை இருந்தால் காது கொடுத்துக் கேளுங்கள், பெரும்பாலும் குட்டு விழுகிறது. ‘டைடாக்டிக் டோன்’ என்று ஒருவருடைய பேச்சைச் சொன்னால், நம் ஊர் வழக்கில் ‘க்ளாஸ் எடுக்கிறார்’ என்று அர்த்தம்.

அப்புறம் இடப்பக்கம். டூ, ஓவர்லி, ஹெவிலி என்று எதுவும் ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், குறைதான் சொல்கிறார்கள். ‘வித்தவுட் பீயிங் டைடாக்டிக்’ என்று வந்தால் கவனம்: படைப்புக்கு அது பாராட்டு. ஆனால் அந்தப் பாராட்டே ‘நல்லவேளை, பாடம் நடத்தவில்லை’ என்ற நிம்மதியில் பிறந்தது. அங்கும் சொல்லுக்குக் கெட்ட பேர்தான். பெயர்ச்சொல் எதுவும் பக்கத்தில் இல்லாமல் ‘அந்தப் படம் டைடாக்டிக்’ என்று தனியாக நின்றாலும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ‘மெசேஜ் சொல்ற படம்’ என்று நாம் இழுத்துச் சொல்லும்போது தொனியில் ஒரு நமுட்டுச் சிரிப்பு இருக்குமே, அது.

யார் எப்போது சொன்னது?

பக்கத்துச் சொல் கைகொடுக்காவிட்டால், எழுதினவர் காலத்தைப் பாருங்கள். இந்தச் சொல்லின் மேல் கறை படிந்தது ஒரு குறிப்பிட்ட காலகட்டத்தில்தான்.

ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன் 1765-இல் தன் ஷேக்ஸ்பியர் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், எழுத்தின் நோக்கம் கற்பிப்பது, கவிதையின் நோக்கம் இன்புறுத்திக் கற்பிப்பது என்று ஒரு தயக்கமும் இல்லாமல் சொல்கிறார். அவர் தலைமுறைக்குக் கற்பிப்பது இழுக்காகத் தெரியவில்லை. 1820-க்கு வாருங்கள். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி தன் ‘புரொமீதியஸ் அன்பவுண்ட்’ நாடகத்தின் முன்னுரையில் டைடாக்டிக் கவிதை என்றாலே தனக்கு வெறுப்பு என்கிறார். உரைநடையிலேயே அதே அளவு நன்றாகச் சொல்லிவிடக்கூடியதை எதற்குச் செய்யுளில் சொல்லிச் சலிப்பூட்ட வேண்டும் என்பது அவர் கேள்வி. வேடிக்கை என்னவென்றால், உலகத்தைச் சீர்திருத்தும் வேட்கை தனக்கு உண்டு என்று அவர் ஒப்புக்கொள்வதும் அதே முன்னுரையில்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1818-இல், கீட்ஸ் ஒரு கடிதத்தில், நம்மை மாற்றியே தீருவது என்று கண்ணுக்குத் தெரியும்படி கங்கணம் கட்டிக்கொண்டு வரும் கவிதையை வெறுக்கிறோம் என்று எழுதியிருந்தார். அமெரிக்காவில் எட்கர் ஆலன் போ இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் இறந்த பிறகு 1850-இல் அச்சான கட்டுரையில், கவிதையின் இறுதி நோக்கம் உண்மையை உணர்த்துவதே, ஒவ்வொரு கவிதையும் ஒரு நீதியைப் புகட்ட வேண்டும் என்ற எண்ணத்தை, மதத்துக்கு எதிரான கொள்கையைக் கண்டிக்கிற வார்த்தையால் கண்டித்தார்.

குழந்தை இலக்கியத்தில் இதே அலை சிரிப்பாக வந்தது. 1865-இல் வெளியான லூயிஸ் கேரலின் ஆலிஸ் கதையில் ஒரு சீமாட்டி வருவாள். கடுகு முதல் காதல் வரை எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு நீதி கண்டுபிடிப்பாள். அந்தக் காலத்து ஆங்கிலப் பிள்ளைகள் உருப்போட்ட, தேனீயின் சுறுசுறுப்பைப் போற்றும் பாட்டு ஒன்று அதே கதையில் முதலையைப் பற்றிய கிண்டல் பாட்டாக மாறியிருக்கும்.

ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முந்தைய எழுத்தாளர் யாராவது டைடாக்டிக் என்று எழுதியிருந்தால் நல்ல அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளலாம். பிந்தையவர் என்றால் சந்தேகக் கண்ணோடு பாருங்கள். விதிவிலக்கு ஒருவர் இருக்கிறார், அவரைச் சொல்லாமல் விட மனமில்லை. பெர்னார்ட் ஷா தன் ‘பிக்மேலியன்’ நாடகத்தின் முன்னுரையில், இது வேண்டுமென்றே, தீவிரமாக டைடாக்டிக்காக எழுதப்பட்ட நாடகம் என்று மார்தட்டுகிறார். கலை போதிக்கவே கூடாது என்று கிளிப்பிள்ளைபோல் கத்தும் மேதாவிகளின் தலையில் அதன் வெற்றியைத் தூக்கி எறிவதில் தனக்கு ஆனந்தம் என்றும், உயர்ந்த கலை போதிக்காமல் இருக்கவே முடியாது என்றும் எழுதுகிறார். இது ஷாவுக்குச் செல்லும். தேர்வுத்தாளில் நமக்குச் செல்லுமா தெரியாது. ஆனால் ‘டைடாக்டிக் என்றால் மட்டம்’ என்று யாராவது சட்டம் பேசினால் எடுத்துக்காட்ட வசதியானவர்.

கல்யாணப் பத்திரிகை வைத்து ஒரு பயிற்சி

டைடாக்டிக்கோடு குழப்பிக்கொள்ளப்படும் சொற்கள் நாலைந்து இருக்கின்றன. பொருளை மனப்பாடம் செய்வதைவிட ஒரு காட்சியில் ஆட்களை நிறுத்திப் பார்த்தால் மறக்காது.

வீட்டில் கல்யாணம். பத்திரிகை மாதிரி அச்சாகி வந்திருக்கிறது. நாலு உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “வாழ்த்துக்கள் தப்பு. வாழ்த்துகள். க் வராது. மறுபடி அச்சடிக்கச் சொல்லு” என்கிறார். இவர் பெடான்டிக். விஷயம் சரியாகவே இருக்கலாம், ஆனால் சின்ன நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு தன் படிப்பைக் காட்டுகிறார்.

தாய்மாமா, “இந்த முகூர்த்தம்தான். மாத்திப் பேசுற வேலையே வேண்டாம்” என்கிறார். காரணம் கேட்டால் காரணம் வராது. இவர் டாக்மேடிக்.

அத்தை பத்திரிகையைப் புரட்டிவிட்டு, “இவ்வளவு பெரிய மண்டபமா? கடன் வாங்கிக் கல்யாணம் பண்றவங்க என்ன மனுஷங்களோ” என்கிறார். அடுத்தவரை ஒழுக்கத் தராசில் நிறுத்துப் பார்க்கிறாரே, அது மாரலிஸ்டிக்.

சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எளிமையா கல்யாணம் பண்றதுல என்ன நன்மைன்னா…” என்று தொடங்குகிறார். முதலாவது, இரண்டாவது என்று விரல் மடிகிறது. நடுவில் ஒரு குட்டிக்கதை வேறு. இவர்தான் நம் ஆள், டைடாக்டிக். அவர் யாரையும் திட்டவில்லை. சொல்வது நல்லதாகக்கூட இருக்கலாம். ஆனால் எதிரில் இருப்பவரை மாணவனாக்கிவிட்டார். அந்தப் பேச்சு அரை மணியைத் தாண்டி, காபி ஆறி, கேட்பவர்கள் நெளியத் தொடங்கினால் ப்ரீச்சி. டைடாக்டிக் சில இடங்களில் வெறும் வகைப்பெயராக நிற்கும். ப்ரீச்சி அப்படி நிற்காது, எப்போதும் குறைதான்.

பேச்சு முழுக்கப் பழமொழியாகவே பொழிகிறவரைக் குறிக்க சென்டென்ஷியஸ் என்று ஒரு சொல் உண்டு. அரிதாகத்தான் வரும், தெரிந்து வைத்திருந்தால் போதும்.

இப்போது நீங்கள் எழுதுங்கள்

முதலில் ஒரு தடை. யாரையாவது நேரில் பாராட்ட இந்தச் சொல்லைத் தொடாதீர்கள். கல்லூரி விழாவில் நன்றியுரை சொல்லும் மாணவர், சிறப்பு விருந்தினரின் ‘டைடாக்டிக் ஸ்பீச்’சுக்கு நன்றி என்றால், அவர் மனதில் நினைத்தது ‘கருத்தாழமிக்க உரை’. ஆங்கிலம் தெரிந்த விருந்தினர் காதில் விழுவது ‘பாடம் நடத்தி அறுத்தீர்கள், நன்றி’. பாராட்ட வேண்டுமா, இன்ஸ்ட்ரக்டிவ் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் இல்யூமினேட்டிங். எடிஃபையிங் என்றும் ஒன்று உண்டு. பொருள் நல்லதுதான், ஆனால் இன்றைக்கு ‘அவ்வளவு எடிஃபையிங்கான காட்சி இல்லை’ என்பதுபோல எதிர்மறையிலும் கேலியிலும் நிறைய வருவதால், பழகும்வரை தள்ளி வையுங்கள்.

மதிப்புரையில் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் சாட்சியோடு. ‘நாவல் டைடாக்டிக்காக இருக்கிறது’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது தீர்ப்பு மட்டுமே. எந்த இடத்தில், யார் வாயால், எப்படிப் பாடம் வருகிறது என்று அடுத்த வரியிலேயே காட்டுங்கள். கதாபாத்திரம் திடீரென்று இரண்டு பக்கத்துக்குச் சாதி ஒழிப்பு பற்றிச் சொற்பொழிவு ஆற்றுகிறதா? கெட்டவன் கடைசி அத்தியாயத்தில் மனம் திருந்தி அழுகிறானா? கதைசொல்லி குறுக்கே வந்து ‘பார்த்தீர்களா வாசகர்களே’ என்கிறாரா? இதையெல்லாம் தமிழ் விமர்சனத்தில் ‘பிரசார நெடி’ என்பார்கள். சொல்லும் கருத்து உங்களுக்குப் பிடித்திருந்தாலும் நெடி நெடிதான். கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒரு படைப்பை டைடாக்டிக் என்று சொல்வது நேர்மையில்லை. இந்தக் கடைசிக் குற்றம் ஆங்கில மதிப்புரைகளிலும் மலிந்து கிடக்கிறது.

தேர்வில் ‘டைடாக்டிக் எலிமென்ட் பற்றி எழுதுக’ என்று வந்தால் அங்கே குட்டுக்கு வேலையில்லை, சொல்லை நடுநிலையாக எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தில் அடிக்கடி வரும் ஃபிரான்சிஸ் பேக்கனை எடுத்துக்கொள்வோம். அவருடைய கட்டுரைகளின் 1625 பதிப்பின் தலைப்பே அவற்றை ஆலோசனைகள் என்று சொல்கிறது. என்ன கற்பிக்கிறார் என்று தொடங்குங்கள். தூய அறத்தைவிட உலகத்தில் பிழைத்துத் தேறும் சாமர்த்தியம்தான் அவரிடம் அதிகம் என்பதைச் சொன்னாலே திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார். அடுத்து எப்படிக் கற்பிக்கிறார்: வெட்டு வெட்டான சின்ன வாக்கியங்கள், மும்மூன்றாக அடுக்கும் பழக்கம், மேற்கோள்கள். இந்த ‘எப்படி’யைத்தான் பலர் விட்டுவிட்டு, கட்டுரைச் சுருக்கத்தை எழுதிவைத்து வருகிறார்கள்.

தமிழுக்குக் கொண்டுவரும்போது

மொழிபெயர்ப்பவர்கள் ஒரே தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் ஒட்டுவதைத் தவிர்க்க வேண்டும். இலக்கிய வகை என்றால் அறநூல், நீதி இலக்கியம் என்று போடலாம். ஆனால் வெர்ஜிலின் வேளாண்மைக் கவிதைக்கு ‘நீதி இலக்கியம்’ பொருந்தாது, ‘கற்பிக்கும் செய்யுள்’ என்று எழுதலாம். ஒருவருடைய தொனி என்றால் ‘போதனைத் தொனி’ அல்லது, நடை இடம் கொடுத்தால், ‘வகுப்பெடுக்கும் தொனி’. ‘உபதேசம்’ என்ற சொல்லைப் போடும்முன் யோசியுங்கள். குரு சீடனுக்குச் செய்வதும் உபதேசம்தான், ‘உன் உபதேசம் வேண்டாம்’ என்பதிலும் அதே சொல்தான், ஆகவே வாக்கியத்தின் மற்றச் சொற்கள் தொனியைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். மருத்துவக் கல்லூரி அட்டவணையில் ‘டைடாக்டிக் லெக்சர்’ இருந்தால் ‘விரிவுரை’ போதும். அதை ‘நீதிபோதனை விரிவுரை’ என்று எந்திர மொழிபெயர்ப்பு கொடுத்தால் அடித்துவிடுங்கள்.